ஒரு புள்ளியைத் தாண்டினால் அத்துமீறலா?

தரையில் பிரம்மாண்டமான சதுரங்கப் பலகை ஒன்று விரித்துக் கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கறுப்புக் கட்டமெல்லாம் தனியார் நிலம். வெள்ளைக் கட்டமெல்லாம் அரசு நிலம், அங்கே யார் வேண்டுமானாலும் நடக்கலாம், கூடாரம் போடலாம், உரிமம் வைத்திருந்தால் வேட்டையும் ஆடலாம். நீங்கள் ஒரு வெள்ளைக் கட்டத்தில் நிற்கிறீர்கள். அடுத்த வெள்ளைக் கட்டம் பக்கத்தில் இல்லை, மூலையோடு மூலை தொட்டுக்கொண்டு குறுக்கே இருக்கிறது. சதுரங்கத்தில் பிஷப் நகர்வதுபோல ஒரே ஒரு காலடி எடுத்து வைத்தால் அங்கே போய்விடலாம், கறுப்பை மிதிக்கவே வேண்டாம். அப்படிப் போவது குற்றமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நான்கு வேட்டைக்காரர்கள் இந்தக் காலடியை எடுத்து வைத்தார்கள். அதற்காகக் கிரிமினல் வழக்கில் நின்றார்கள். அப்புறம் 70 லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டம் என்று சொன்ன ஒரு சிவில் வழக்கிலும் நின்றார்கள். அந்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்ற வாசல் வரை போய், 2025 அக்டோபரில்தான் முடிந்தது. அங்கே இதை 'கார்னர் கிராஸிங்' என்கிறார்கள், நாம் மூலை தாண்டுதல் என்று வைத்துக்கொள்வோம்.

எனக்கு வேட்டையில் ஆர்வம் கிடையாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி இன்றைக்கு அதற்கு இடமும் இல்லை. ஆனாலும் இந்த வழக்கைப் படிக்க ஆரம்பித்தவன் விட முடியாமல் படித்துக்கொண்டே போனேன், ஏனென்றால் இது அடிப்படையில் பாதைத் தகராறு. நிலம் நம்முடையது, பட்டா நம் பேரில், ஆனால் அதற்குப் போகிற வழி பக்கத்துக்காரர் வயலில் இருக்கிறது என்றால் அந்த நிலத்துக்கு என்ன மதிப்பு என்று கிராமத்தில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். 'மாமூல் வழிநடைப் பாத்தியம்' என்ற நாலு வார்த்தை கிரயப் பத்திரத்தில் விட்டுப்போனதால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு அலைந்த குடும்பங்கள் நம்மூரில் உண்டு. வயோமிங்கில் அந்த வழியில்லாத நிலத்தின் சொந்தக்காரர்கள் பொதுமக்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

முதலில் அத்துமீறல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம், இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஒரே செயல் மூன்று விதமாக வழக்காகலாம். அனுமதி இல்லை என்று தெரிந்தே அடுத்தவர் நிலத்தில் நுழைவது கிரிமினல் அத்துமீறல், இதில் வழக்குப் போடுவது அரசு. வயோமிங்கில் இதற்கு ஆறு மாதம் வரை சிறை, 750 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தது சிவில் அத்துமீறல், இதில் நிலக்காரரே வழக்குப் போட்டு நஷ்டஈடு கேட்பார், நுழைந்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததா என்ற கேள்வி இங்கே பெரிதாக எழாது, எல்லையைத் தாண்டியதே போதும். மூன்றாவது, அனுமதி இல்லாமல் தனியார் நிலத்தில் வேட்டைக்காக நுழைவதற்கென்றே வனவிலங்குச் சட்டத்தில் இருக்கும் தனிப் பிரிவு. ஒருவர் கிரிமினல் வழக்கில் விடுதலையாகிவிட்டு சிவில் வழக்கில் தோற்கலாம். அதனால்தான் 'ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) விடுதலை செய்துவிட்டதே, அப்புறம் என்ன வழக்கு?' என்று கேட்டால் அதற்குப் பதில் அவ்வளவு சுருக்கமாக இல்லை.

இந்தச் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெர்மான்ட்டின் 1777ஆம் ஆண்டு அரசியல் சாசனமே வேலி போடாத நிலத்தில் வேட்டையாடும் சுதந்திரம் மக்களுக்கு உண்டு என்று எழுதி வைத்தது. தென் கரோலினா நீதிமன்றம் 1818இல் அதே கருத்தில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அன்றைக்கு வேட்டை என்பது வீட்டுச் சாப்பாடு, காட்டுக்கு வேலி என்பதே யாரும் யோசிக்காத விஷயம். இன்றைக்கு மொன்டானாவில் மான் வேட்டைக்குத் தனியார் நிலத்தில் கால் வைக்க வேண்டுமென்றால், தடைப் பலகை இருக்கிறதோ இல்லையோ, நிலக்காரரிடம் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். டெக்ஸஸ், மிசௌரி போன்ற இடங்களில் பலகை கூட வேண்டாம், மரத்தில் ஊதா நிறப் பெயின்ட்டில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்திருந்தால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம், சட்டமே அதை ஏற்றுக்கொள்கிறது.

சரி, இந்தச் சதுரங்கக் கட்டங்கள் எப்படி வந்தன?

1862இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதிபர் லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கிழக்கையும் மேற்கையும் ரயிலால் இணைக்க வேண்டும், கஜானாவில் பணம் இல்லை, ஆனால் நிலம் கணக்கில்லாமல் இருக்கிறது. (அந்த நிலம் உண்மையில் ஷோஷோனி, அரபஹோ, ஷயான் போன்ற பூர்வகுடி மக்கள் வாழ்ந்த நிலம், அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதை ஒரு வரியிலாவது சொல்லாமல் இந்தக் கதையைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை.) அமெரிக்காவின் நில அளவை முறையில் ஒரு மைலுக்கு ஒரு மைல் சதுரம் ஒரு 'செக்ஷன்', அதாவது 640 ஏக்கர். அப்படி 36 செக்ஷன் சேர்ந்தது ஒரு டவுன்ஷிப், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 36 வரை எண் உண்டு. தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பத்து மைல் தூரத்துக்கு, ஒற்றைப்படை எண் கொண்ட செக்ஷன்களை ரயில் கம்பெனிக்குக் கொடுத்து, இரட்டைப்படைச் செக்ஷன்களை அரசே வைத்துக்கொண்டது. 1864இல் பத்து மைலை இருபது மைலாக்கினார்கள்.

ஏன் ஒன்று விட்டு ஒன்று? கணக்கு எளிது. ரயில் வந்தால் நில மதிப்பு ஏறும், அப்போது அரசு தன் கட்டங்களை ஏக்கர் 1.25 டாலருக்குப் பதிலாக 2.50 டாலருக்கு விற்கலாம், பாதியைச் சும்மா கொடுத்தாலும் கைக்கு முழுப் பணம் வந்துவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தெற்கு வயோமிங் மழை குறைந்த, காற்று வீசியடிக்கிற மேட்டுநிலம். அங்கே 160 ஏக்கரை வைத்துக்கொண்டு விவசாயம் செய்து பிழைக்க வந்தவர்கள் சொற்பம். ரயில் கம்பெனி தன் கட்டங்களைக் கால்நடை முதலாளிகளுக்கு மொத்தமாக விற்றுவிட்டது. அரசின் கட்டங்கள் விற்காமல் அப்படியே நின்றுவிட்டன, இன்றைக்கு அவற்றில் பெரும்பகுதி நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசுத் துறையிடம் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் யாரும் மூலைகளைப் பற்றி யோசிக்கவில்லை. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு மக்கள் எப்படிப் போவார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்த வழக்கே கிடையாது.

வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் வரைபடச் செயலி ஒன்று 'ஆனெக்ஸ்'. அந்த நிறுவனம் 2022இல் போட்ட கணக்குப்படி அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இப்படி மூலைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பொதுநிலம் 83 லட்சம் ஏக்கர். தமிழ்நாட்டின் பரப்பில் கால் பங்குக்கும் கொஞ்சம் அதிகம். இவ்வளவு நிலத்துக்கும் மக்கள் சொந்தக்காரர்கள், ஆனால் மூலை தாண்டாமல் அதில் கால் வைக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை.

இதில் இன்னொரு விஷயமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலக்காரருக்குச் சொந்தமில்லை. வயோமிங் சட்டப்படி வனவிலங்குகள் மாநிலத்தின் சொத்து, மக்களுக்காக அரசு பராமரிக்கிறது. வேட்டைக்காரர் உரிமத்துக்கு விண்ணப்பித்து, சில இடங்களுக்குக் குலுக்கலில் வருடக்கணக்கில் காத்திருந்து, பணம் கட்டி அனுமதி வாங்குகிறார். மான் பொது, மான் நிற்கிற நிலமும் பொது, ஆனால் அதைச் சுற்றியுள்ள தனியார் கட்டங்களுக்குச் சொந்தக்காரர் மட்டுமே உள்ளே போய் வேட்டையாடலாம், அல்லது தன்னிடம் பணம் கட்டி வருகிறவர்களை விடலாம் என்றால் அந்தப் பொதுச்சொத்து நடைமுறையில் யாருடையது? நான் இந்த விஷயத்தில் ஒரு பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன், மறைக்கவில்லை.

இனி எல்க் மலைக்கு வருவோம். வயோமிங்கின் கார்பன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி), 80ஆம் எண் நெடுஞ்சாலையில் போனாலே கண்ணில் படுகிற, 11,000 அடிக்கும் மேல் உயர்ந்த மலை. பேருக்கேற்ப அங்கே எல்க் மான் அதிகம், நம்மூர் மிளாவுக்கு உறவு, ஆனால் இன்னும் பெரிய உருவம், கிளை கிளையாகப் பிரிந்த பெரிய கொம்பு. மலையைச் சுற்றி ஏறக்குறைய 22,000 ஏக்கர் மேய்ச்சல் பண்ணை ஒன்று, 'அயர்ன் பார் ஹோல்டிங்ஸ்' என்ற கம்பெனி பேரில் இருக்கிறது. கம்பெனிக்குச் சொந்தக்காரர் வட கரோலினாவைச் சேர்ந்த மருந்துத்துறைத் தொழிலதிபர். பண்ணைக்குள்ளே ஒன்று விட்டு ஒன்றாக ஆயிரக்கணக்கான ஏக்கர் பொதுநிலம்.

2020இல் மிசௌரியிலிருந்து மூன்று வேட்டைக்காரர்கள் வந்தார்கள். பொதுச் சாலையிலிருந்து ஒரு பொதுநிலக் கட்டத்துக்குள் நடந்து போய், அரசு நில அளவையர் மூலையில் பதித்து வைத்திருந்த அடையாளத்தைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், நம்மூர் சர்வே கல் மாதிரி. அந்த இடத்தில் பண்ணைக்காரர்கள் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, நடுவே சங்கிலி கட்டி, 'அத்துமீறி நுழையாதே' என்று பலகை மாட்டியிருந்தார்கள். பக்கத்தில் வேலி எதுவும் கிடையாது, பரந்த வெட்டவெளியில் அந்த மூலையில் மட்டும் இரண்டு கம்பமும் ஒரு சங்கிலியும். வேட்டைக்காரர்கள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, தனியார் மண்ணில் கால் படாமல் சுழன்று மறுபக்கம் இறங்கினார்கள். பாண்டி ஆட்டத்தில் கோட்டை மிதிக்காமல் தாவுகிற பிள்ளைகளின் கவனம் அதில் இருக்கிறது. ஆனால் கம்பத்தைத் தொட்டாயிற்றே, கம்பம் பண்ணையுடையது ஆயிற்றே.

அதனால் 2021இல் நான்கு பேராக வந்தபோது இரும்பில் ஒரு ஏணி செய்து கொண்டுவந்தார்கள். இரண்டு பக்கமும் கால் விரித்து நிற்கிற ஏணி. ஒரு பக்கக் கால் இந்தப் பொதுநிலத்தில், மறுபக்கக் கால் அந்தப் பொதுநிலத்தில். ஏறி இறங்கினார்கள், கம்பத்தையும் தொடவில்லை, சங்கிலியையும் தொடவில்லை. பண்ணை மேலாளர் வந்து தகராறு செய்தார், வனவிலங்குத் துறைக்கும் கவுண்டி போலீஸ் தலைவரான ஷெரிபுக்கும் புகார் போனது. கடைசியில் கவுண்டி அரசு வழக்கறிஞர் தரப்பு வழக்குப் பதிவு செய்தது. 2022 வசந்த காலத்தில் ராலின்ஸ் ஊர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்து, ஜூரி நான்கு பேரையும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை செய்தது.

அதற்குள் பண்ணைக் கம்பெனி சிவில் வழக்கும் போட்டிருந்தது. மூலை தாண்டலாம் என்று ஆகிவிட்டால் எங்கள் சொத்தின் மதிப்பே விழுந்துவிடும், அந்த வீழ்ச்சிதான் நஷ்டம் என்பது வாதம், 70 லட்சம் டாலரைத் தாண்டிய கணக்கு இப்படித்தான் வந்தது. இந்தக் கணக்கை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மக்கள் தங்கள் நிலத்துக்குப் போக முடிந்தால் பண்ணையின் விலை குறையும் என்றால், விலையில் அத்தனை பங்கு எதற்காக வந்தது? அரசு நிலத்தைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ள முடிகிறது என்பதற்காக. பொதுநிலத்துக்கு வாடகையும் கொடுக்காமல், விலையும் கொடுக்காமல், அதன் மதிப்பைத் தன் பத்திரத்தில் சேர்த்துக்கொண்டதை அந்த வாதமே எடுத்துக் காட்டுகிறது.

கேட்கிறவர்களுக்கு உடனே வருகிற சந்தேகம்: மண்ணைத் தொடவே இல்லையே, பிறகு எதை மீறினார்கள்? காற்றை. மூலை என்பது கணக்குப்படி ஒரு புள்ளி, அதற்கு அகலம் பூஜ்யம். மனித உடம்புக்கு அகலம் உண்டு. நான்கு கட்டங்கள் சேரும் புள்ளியைத் தாண்டும்போது உங்கள் தோளும் இடுப்பும் இரண்டு பக்கமும் தனியார் நிலத்துக்கு மேலே இருக்கிற காற்றுவெளியில் ஒரு விநாடியாவது புகுந்தே தீரும். நிலம் யாருடையதோ அதற்கு மேலே வானம் வரை அவருடையதே என்பது ஐரோப்பியச் சட்டத்தில் பல நூற்றாண்டு பழமையான கொள்கை. (நம் பழைய கிரயப் பத்திரங்களில் 'நிதி நிட்சேப ஜல தரு பாஷாண' என்று ஒரு வரிசை வரும், நிலத்தோடு புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாம் சேர்த்து விற்கிறேன் என்று அர்த்தம். அந்த வரிசையில் காற்று இல்லை.)

விமானம் வந்ததும் இந்தக் கொள்கைக்கு அடி விழுந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வட கரோலினாவில் கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு குடும்பத்தின் தலைக்கு மேலே ராணுவ விமானங்கள் மிகத் தாழ்வாகப் பறந்தன, சத்தத்தில் மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மோதிச் செத்தன. அந்த வழக்கில் 1946இல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. வானம் வரை சொந்தம் என்ற பழைய கொள்கை இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. ஆனால் தரையை ஒட்டி, நிலக்காரர் பயன்படுத்தக்கூடிய உயரம் வரை உள்ள காற்றுவெளி அவருடையதுதான். மூலை தாண்டும் மனிதனின் தோள் இருக்கிற உயரம் அதற்குள்ளேதான் வருகிறது, வயோமிங் சட்டமும் நிலத்துக்கு மேலுள்ள வெளி நிலக்காரருடையது என்றே சொல்கிறது. ஆக, மாநிலச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் பண்ணைக்காரர் பக்கம் நியாயம் கொஞ்சம் வலுவாகவே இருந்தது. இதை ஒத்துக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

வேட்டைக்காரர்களைக் காப்பாற்றியது 1885ஆம் ஆண்டுச் சட்டம்.

முள்கம்பி 1870களில் சந்தைக்கு வந்ததும் மேற்கே பெரிய மாட்டுப்பண்ணைக்காரர்கள் பொதுநிலத்தைச் சேர்த்து வளைத்து வேலி போட ஆரம்பித்தார்கள். ஏழைக் குடியேறிகளும் ஆட்டு மந்தைக்காரர்களும் உள்ளே போக முடியவில்லை. அமெரிக்க நாடாளுமன்றம் சட்டவிரோத வேலியடைப்புத் தடைச் சட்டம் கொண்டுவந்தது: பொதுநிலத்தை யாரும் வளைத்து அடைக்கக் கூடாது, அதன் வழியே மக்கள் போய்வருவதைப் பலத்தாலோ மிரட்டலாலோ வேலியாலோ வேறு எந்தச் சட்டவிரோத வழியாலோ தடுக்கக் கூடாது.

கொலராடோவில் ஒருவர் இதற்குக் குறுக்கு வழி கண்டுபிடித்தார். தன்னுடைய ஒற்றைப்படைக் கட்டங்களுக்குள்ளேயே, எல்லையிலிருந்து கொஞ்சம் தள்ளி வேலி போட்டார், மூலைகளில் மட்டும் இடைவெளி விட்டார், நான் என் நிலத்தில் வேலி போட்டேன், இதில் என்ன தப்பு என்றார். அந்த வேலி சுமார் 20,000 ஏக்கர் பொதுநிலத்தை உள்ளே அடைத்துவிட்டது. 1897இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உன் நிலத்தில் நிற்கிற வேலியாக இருந்தாலும் அதன் வேலை பொதுநிலத்தை அடைப்பது என்றால் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்று தீர்ப்பு.

வயோமிங்கிலேயே 1914இல் ஒரு வழக்கு. ஆட்டு மந்தையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போன ஒருவர் இந்தச் சதுரங்கக் கட்டங்களின் குறுக்கே தனியார் நிலத்தையும் கடந்து போனதால் பிடிபட்டார், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்புச் சொன்னது. 1980களில் அதே மாநிலத்தில் 28 மைல் நீள வேலி ஒன்று, பிராங்ஹார்ன் என்ற ஒருவகை மான்கள் குளிர்காலத்தில் இரை தேடிப் போகிற இடத்தை அடைத்துவிட்டது. அந்த மானுக்கு வேகமாக ஓடத் தெரியும், வேலியைத் தாண்டிக் குதிக்கிற பழக்கம் இல்லை. அங்கேயும் 1988இல் நீதிமன்றம் அதே 1885 சட்டத்தை எடுத்து வேலிக்காரரைத் தடுத்தது.

பண்ணைக் கம்பெனியின் கையிலும் ஒரு பலமான தீர்ப்பு இருந்தது. அதே கார்பன் கவுண்டியில் செமினோ அணைக்கட்டின் நீர்த்தேக்கத்துக்கு மக்கள் போவதற்காக மத்திய அரசு ஒரு மூலை வழியாக மண்சாலை போட்டது, ஆட்டுப்பண்ணைக் கம்பெனி ஒன்று எதிர்த்தது. 1979இல் உச்ச நீதிமன்றம், 1862இல் நிலத்தைக் கொடுக்கும்போது பாதை உரிமையை அரசு ஒதுக்கி வைத்துக்கொள்ளவில்லை, இப்போது அது தானாக இருப்பதாகச் சொல்லிச் சாலை போட முடியாது, வேண்டுமென்றால் பணம் கொடுத்து நிலம் எடுத்துக்கொள் என்றது. மூலையில் பொதுமக்களுக்கு வழி கிடையாது என்று நாற்பது வருடம் பண்ணைக்காரர்களும் அதிகாரிகளும் நம்பியது இந்தத் தீர்ப்பை வைத்துத்தான்.

இரண்டையும் எப்படிப் பொருத்துவது? வயோமிங் மத்திய மாவட்ட நீதிபதி ஸ்காட் ஸ்காவ்டால் 2023 மே மாதம் வேட்டைக்காரர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். வேட்டைக்காரர்களின் வரைபடச் செயலியில் இருந்த ஒரு குறிப்புப் புள்ளியை வைத்து, அவர்களில் ஒருவர் பண்ணை மண்ணிலேயே கால் வைத்தாரா என்ற ஒரே கேள்வியை மட்டும் மிச்சம் வைத்தார், அதைக் கம்பெனி பிறகு கைவிட்டது. மேல்முறையீட்டில் பத்தாவது வட்டார நீதிமன்றம் (சில மாநிலங்களுக்குச் சேர்த்து ஒரு மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மாநிலங்கள் சேர்ந்தது ஒரு வட்டாரம்) 2025 மார்ச் 18 அன்று அதை உறுதி செய்தது, தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டிம்கோவிச். அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். மாநிலச் சட்டப்படி காற்றுவெளியில் நுழைந்தது அத்துமீறல் ஆகலாம். ஆனால் அந்த அத்துமீறல் சட்டத்தை வைத்து ஆயிரக்கணக்கான ஏக்கர் பொதுநிலத்துக்கு மக்கள் வராமல் தடுத்தால், அந்தச் சட்டமே வேலியாகிவிடுகிறது. 1885ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் அந்த வேலியைத் தடை செய்கிறது, மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் மோதினால் மத்தியச் சட்டம்தான் மேலே. 1979 தீர்ப்பு அரசு நிரந்தரமாகச் சாலை போடுவதைப் பற்றியது, ஒரு மனிதன் காலால் தாண்டிப் போவதைப் பற்றியது இல்லை.

முள்கம்பி இல்லாமல் ஒரு பலகையும் ஒரு வழக்கு நோட்டீசும் சேர்ந்தே வேலி ஆகலாம் என்கிற இந்த இடம்தான் எனக்கு மொத்த வழக்கிலும் முக்கியமாகப் படுகிறது. சாதாரண மனிதன் சங்கிலியைப் பார்த்துத் திரும்புவதில்லை, வக்கீல் செலவை நினைத்துத் திரும்புகிறான். இந்த நால்வருக்கும் வேட்டைக்காரர் அமைப்பு ஒன்று இணையம் வழியாகப் பணம் திரட்டி 1,00,000 டாலருக்கும் மேல் சேர்த்துக் கொடுத்தது. அது இல்லாமல் இருந்திருந்தால் முதல் நோட்டீசிலேயே முடிந்திருக்கும்.

கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. இதை 'உச்ச நீதிமன்றமே மூலை தாண்டலாம் என்று சொல்லிவிட்டது' என்று சிலர் எழுதுகிறார்கள், அது தப்பு. எடுக்க மறுத்தால் கீழ்நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும் என்பது மட்டும்தான் பொருள். பத்தாவது வட்டாரத்தில் வருகிற வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்ஸிகோ, கன்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களுக்குத்தான் அது பொருந்தும். பக்கத்து மொன்டானா ஒன்பதாவது வட்டாரம். அங்கே மாநில வனவிலங்குத் துறை இன்னமும் மூலை தாண்டுவது சட்டப்படி செல்லாது என்றே சொல்கிறது. ஒரே மாதிரியான கட்டம், ஒரே மாதிரியான மூலை, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பதில், அந்தப் பக்கம் வேறு பதில்.

பண்ணைக்காரர்களின் பயத்தை ஒதுக்கித் தள்ளவும் எனக்கு மனமில்லை. எல்லாப் பண்ணைக்கும் பின்னால் கோடீஸ்வரர் இல்லை, நாலு தலைமுறையாக மாடு மேய்க்கிற குடும்பங்களும் இருக்கின்றன, வயோமிங் கால்நடை வளர்ப்போர் சங்கம் இந்த வழக்கில் பண்ணைக் கம்பெனி பக்கம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். திறந்த கேட்டை மூடாமல் போகிறவர்கள், குப்பை போடுகிறவர்கள், மாடு மேய்கிற பக்கம் துப்பாக்கியோடு திரிகிறவர்கள் என்று அவர்கள் சொல்வது எதுவும் கற்பனை இல்லை. இன்னொரு நடைமுறைச் சிக்கல், பல மூலைகளில் அளவைக் குறியே கண்ணில் படாது. கைப்பேசியின் ஜிபிஎஸ் நல்ல வெட்டவெளியிலேயே ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும், பூஜ்யம் அகலமுள்ள புள்ளியைத் தேடுகிறவருக்கு ஐந்து மீட்டர் என்பது பெரிய தூரம். எந்தப் பக்கமாவது இரண்டு எட்டு தள்ளி வைத்தால் மண்ணை மிதித்த நிஜமான அத்துமீறல் ஆகிவிடும், அதற்கு இந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

வழக்குக்குப் போகாத வழிகளும் உண்டு. வயோமிங்கில் 'ஆக்சஸ் யெஸ்', மொன்டானாவில் 'பிளாக் மேனேஜ்மென்ட்' என்று திட்டங்கள் இருக்கின்றன, நிலக்காரர் வேட்டைக்காரர்களை உள்ளே விட்டால் அதற்கு அரசு ஏதாவது ஈடு கொடுக்கும். சில இடங்களில் கட்டத்துக்குக் கட்டம் மாற்றிக்கொண்டு நிலத்தை ஒன்றாகச் சேர்க்கிறார்கள். நல்ல வழிகள்தான், ஆனால் நிலக்காரர் சம்மதித்தால் மட்டுமே நடக்கும், சம்மதிக்காதவருக்கு எதிராக மக்களிடம் இருந்தது அந்த 1885 சட்டம் ஒன்றே.

இப்போது அந்த ஆறு மாநிலங்களில் ஒருவர் மூலை தாண்ட வேண்டுமென்றால் தீர்ப்பு எதுவரை துணைக்கு வரும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நால்வரும் நடந்து போனார்கள், சரியான மூலையில் தாண்டினார்கள், தனியார் மண்ணைத் தொடவில்லை, எதையும் சேதப்படுத்தவில்லை. நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அந்த உண்மைகளின் மேல்தான். குதிரையில் போகிறவருக்கு இது பொருந்துமா, நான்கு சக்கர வண்டியில் போகிறவருக்கு, சுட்ட எல்க் மானின் தொடையை முதுகில் கட்டிக்கொண்டு இருமடங்கு அகலத்தோடு அதே புள்ளிக்குத் திரும்பி வருகிறவருக்கு? இந்தக் கேள்விகளோடு இன்னும் யாரும் அந்த நீதிமன்றத்தின் முன்னால் போய் நிற்கவில்லை.